வாணியம்பாடியும் தோல் தொழிலும்

ஊர்கள் தோன்றும் வகை பலவாகும். அரசன் கோட்டை கட்டி வாழ்ந்தமையால் எழுந்த ஊர்கள் உண்டு. திருக்கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் உண்டு. கப்பல் வந்து தங்கும் துறையில் தோன்றிய பட்டினங்களும் உண்டு. இவற்றைப் போலவே, ஒரு கைத்தொழில் வேரூன்றியமையால் சிற்றூராய் இருந்த நிலை மாறி, நகரமாய் வளர்ந்த ஊர்களும் நம் நாட்டில் உள்ளன. சவ்வாது மலையின் அடிவாரத்தில், பாலாற்றின் கரையில் அமைந்துள்ள வாணியம்பாடி அத்தகைய நகரம் ஆகும். அந்நகரம் எவ்வாறு வளர்ந்தது, எதனால் வாழ்ந்தது, எதனால் அல்லலுற்றது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

வாணியம்பாடி முன்னாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989-ஆம் ஆண்டு அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 2019-ஆம் ஆண்டு வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்தபோது வாணியம்பாடியும் ஆம்பூரும் அப்புதிய மாவட்டத்தைச் சேர்ந்தன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாணியம்பாடி நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 95,000 ஆகும். நகரின் கிழக்கே சவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. தெற்கே ஏலகிரி மலை தனித்து நிற்கிறது. இடையிலே பாலாற்றுப் பள்ளத்தாக்கு விரிந்துள்ளது. சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருவழியும் இருப்புப் பாதையும் இப்பள்ளத்தாக்கின் வழியாகவே செல்கின்றன.

ஊரின் பெயரைப் பற்றி இரு வகையாகக் கூறுவர். வாணி என்பது கலைமகளின் பெயர். பழைய வாணியம்பாடியில் உள்ள அதிதீசுவரர் கோயிலில் கலைமகள் வழிபட்டுத் தன் பேச்சாற்றலை மீளப் பெற்றாள் என்பது தலபுராணக் கதை. எண்ணெய் ஆட்டும் தொழிலினராகிய வாணியர் வாழ்ந்த பாடியே வாணியம்பாடி ஆயிற்று என்பது மற்றொரு கருத்து. பாடி என்னும் சொல் மக்கள் குடியிருப்பையும் படைவீடு ஆகிய பாசறையையும் குறிக்கும். இவ்வூருக்கு இரு பொருளும் பொருந்தும் என்பதை இனி வரும் வரலாறு காட்டும்.

தொழில் ஒன்று ஓர் ஊரில் நிலைபெற வேண்டுமாயின் மூலப்பொருள் வேண்டும், நீர் வேண்டும், உழைக்கும் கைகள் வேண்டும், செய்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல வழி வேண்டும். இந்நான்கும் வாணியம்பாடியில் எவ்வாறு வந்து கூடின என்பதை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் மலையைக் காண்போம். சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது பரவியுள்ளது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் செல்லும் சாலை இம்மலை மீது ஏறிக் காவலூரையும் சமுனாமரத்தூரையும் அடைகிறது. மலைமேல் வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்னும் பொருளது. மலையாள மொழியோடு தொடர்புடையது அன்று. அவர்கள் பேசும் மொழி தமிழே. சாமை விளைத்தும், தேன், புளி, கடுக்காய் முதலிய காடுபடு பொருள்களைத் தொகுத்தும் அவர்கள் வாழ்ந்து வந்தனர். சந்தன மரத்திற்கும் இம்மலை பெயர் பெற்றது. சேயாறு இம்மலையிற் பிறந்து பாலாற்றில் கலக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இச்சேயாற்றைக் குறிப்பிடுகிறது. அப்பாட்டின் தலைவனாகிய நன்னனின் செங்கண்மா என்னும் ஊரே இம்மலையின் தென்புறத்தே உள்ள இன்றைய செங்கம் ஆகும். ஆகவே இந்நிலப்பகுதி தமிழ்ப் புலவர்க்குப் பழங்காலந்தொட்டே அறிமுகமானது.

தோல் தொழிலுக்கு இம்மலையும் அதன் அடிவாரமும் அளித்த பொருள்கள் இரண்டு. ஒன்று ஆவாரம்பட்டை, மற்றொன்று கடுக்காய். ஆவாரஞ்செடி வறண்ட நிலத்திலும் செழித்து மஞ்சள் நிறப் பூப் பூப்பது. சங்க நூல்களில் இது ஆவிரை எனப்படும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காதலியைப் பெறாது வருந்திய இளைஞன் மடலேறும்போது ஆவிரம்பூ மாலையைச் சூடினான் என்றும் நூல்கள் கூறும். புலவர்கள் பூவைப் போற்றினர். தொழிலாளர் பட்டையைப் போற்றினர். அப்பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதியாக உண்டு. கடுக்காயிலும் அத்துவர்ப்புப் பொருள் உண்டு. பச்சைத் தோலை அழுகாமற் காத்து, உறுதியான பதனிட்ட தோலாக மாற்றும் ஆற்றல் அதற்கு உள்ளது.

இனி நீரைக் காண்போம். பாலாறு கருநாடக மாநிலத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. அதன் நீளம் 348 கிலோமீட்டர். கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி, வாணியம்பாடிக்கு அருகே தமிழ்நாட்டினுட் புகுகிறது. பின்பு 222 கிலோமீட்டர் ஓடி, வயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. காவிரியைப் போல இது நீர் நிறைந்து ஓடும் ஆறு அன்று. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சி தரும். ஆயினும் அம்மணலின் கீழே நீர் ஊறிச் சென்றுகொண்டிருக்கும். கரையோர மக்கள் ஆற்று மணலில் கால்வாய் தோண்டி, ஊற்றுநீரை வயலுக்கும் ஏரிக்கும் கொண்டு சென்றனர். ஆற்றோரக் கிணறுகளிலும் சில அடி ஆழத்திலேயே நன்னீர் கிடைத்தது. நெல்லும் கரும்பும் தென்னையும் அந்நீரால் வளர்ந்தன. தோல் தொழிலும் அந்நீரையே நம்பி வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் மணலடியில் ஓடும் இந்நீரே இவ்வரலாற்றின் உயிர்நாடி என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

வழியின் வரலாறு போரோடு தொடர்புடையது. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் படைகளுக்கு இப்பள்ளத்தாக்கு ஒரு வாயிலாக இருந்தது. 1749-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வாருதீன் உயிரிழந்தார். 1767-ஆம் ஆண்டின் இறுதியில் ஐதர் அலியின் படை ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டது. ஆங்கிலேயரின் துணைப்படை வரவே ஐதர் முற்றுகையை விட்டு நீங்கினார். அதனையடுத்து வாணியம்பாடியிலும் இரு படைகளும் மோதின. பாடி என்னும் சொல்லுக்குப் பாசறை என்ற பொருளும் இவ்வூர்க்குப் பொருந்தும் என்று முன்னர்க் கூறியது இதனாலேயே.

படை சென்ற வழியிற் பின்னர்ப் புகைவண்டி சென்றது. 1856-ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அது மேலும் மேற்கே நீட்டப்பெற்று, வாணியம்பாடியையும் சோலார்ப்பேட்டையையும் கடந்து, 1862-ஆம் ஆண்டளவில் மலையாளக் கரையிலுள்ள பேப்பூர் வரை சென்றது. மாட்டு வண்டியிற் பல நாள் சென்ற சரக்கு, புகைவண்டியில் ஒரே நாளிற் சென்னையை அடைந்தது. சென்னையில் பெரியமேடு தோல் வணிகத்தின் நடுவிடமாக விளங்கியது. அங்கிருந்து கப்பலேறிய தோல் இலண்டன் மாநகரில் ஏலத்தில் விலைபோயிற்று. கிழக்கிந்தியத் தோல் என்று மேல்நாட்டு வணிகர் அதனை அழைத்தனர்.

அக்காலத்தில் தோல் எவ்வாறு பதனிடப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். பச்சைத் தோல் விரைவில் அழுகும் இயல்பினது. ஆதலால் உரித்தவுடன் உப்புத் தடவி வைப்பர். உப்பிட்ட தோல் தொழிலிடத்திற்கு வந்ததும் அதனை நீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் போக்குவர். பின்னர்ச் சுண்ணாம்புக் குழியில் இடுவர். சுண்ணாம்பு மயிர்க்காலைத் தளர்த்தும். அதன்பின் தோலைச் சாய்ந்த மரத்தின்மேல் விரித்து, வளைந்த கத்தியால் ஒருபுறம் மயிரையும் மறுபுறம் ஒட்டிய சதையையும் வழித்தெடுப்பர். சுண்ணாம்பு நீங்க மீண்டும் கழுவுவர். இதன் பின்னரே ஆவாரம்பட்டை ஊறிய குழியில் தோல் இறங்கும். நாள்தோறும் அதனைத் தூக்கிப் புரட்டி, சாறு வலுக்குறைந்தபோது புதுப்பட்டை இட்டு, வாரக்கணக்கிற் காத்திருப்பர். பட்டையின் துவர் தோலினுள் முழுதும் ஏறிய பின்பு, கடுக்காய்ச் சாற்றில் இட்டு நிறம் பெறச் செய்வர். இறுதியில் எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவர். பல வாரம் பாடுபட்டு முடிக்கும் பணி இது. ஒவ்வொரு படியிலும் நீர் வேண்டும். ஒவ்வொரு படியிலும் கழிவுநீர் வெளிவரும்.

இத்தொழிலில் முதலிட்டு நடத்தியோர் பெரும்பாலும் இவ்வட்டாரத்து இசுலாமிய வணிகர் ஆவர். குழியில் இறங்கி உழைத்தோரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். தோலைத் தொடுவது இழிவு என்னும் பொல்லாத எண்ணம் அந்நாளில் நாட்டிற் பரவியிருந்தது. செருப்பைப் போட்டு நடப்பவன் உயர்ந்தோன் என்றும், அச்செருப்புக்குரிய தோலைப் பதனிட்டவன் தாழ்ந்தோன் என்றும் கருதிய காலம் அது. சுண்ணாம்பு அரித்த கைகளோடும், நாள் முழுதும் நீரில் நின்று வெளுத்த கால்களோடும் அவர்கள் உழைத்த உழைப்பே கடல் கடந்து பொன்னாகத் திரும்பியது. அப்பொன்னின் பெரும்பங்கு அவர்களைச் சேரவில்லை. ஒரு தொழிலின் வரலாற்றை எழுதுவோர் ஏற்றுமதிக் கணக்கை மட்டும் எழுதி, இவ்வுண்மையை விடுத்தல் ஆகாது.

வணிகத்தால் வந்த பொருளில் ஒரு பகுதி கல்விக்கும் பயன்பட்டது. வாணியம்பாடி முசுலிம் கல்விச் சங்கத்தின் முயற்சியால் 1919-ஆம் ஆண்டு இசுலாமியாக் கல்லூரி தோன்றியது. பெருநகரங்களுக்கு வெளியே கல்லூரிகள் அரிதாய் இருந்த காலத்தில் சிறு நகரம் ஒன்று தனக்கெனக் கல்லூரி அமைத்துக்கொண்டது பாராட்டத்தக்கது. கவிக்கோ எனப் புகழ்பெற்ற அப்துல் ரகுமான் இக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். தமிழும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊரில் இருந்துகொண்டு தமிழ்க் கவிதைக்குத் தொண்டாற்றிய அவருக்கு 1999-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.

நீர் இந்நகரை வாழவைத்தது. ஒரு முறை அழித்ததும் உண்டு. 1903-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெருமழை பெய்தது. ஆற்றின் மேற்பகுதியில், மைசூர் நாட்டில் இருந்த பேத்தமங்கலம் ஏரி உடைந்தது. வெள்ளம் பாலாற்றில் பெருகி வாணியம்பாடிக்குள் புகுந்து, வீடுகளையும் மக்களையும் வாரிச் சென்றது. உயிரிழந்தோர் நினைவாக எழுப்பிய தூண் இந்நகரில் உள்ளது. ஓர் ஊரின் ஏரி உடைந்தால் அதனால் நெடுந்தொலைவில் உள்ள மற்றோர் ஊர் அழியும் என்பதை அவ்வெள்ளம் காட்டியது. ஆற்றங்கரையில் வாழ்வோர் அனைவரும் ஒரே குடும்பத்தினர். மேலே இருப்போர் செய்யும் நன்மையும் தீமையும் கீழே இருப்போரை வந்து சேரும். இப்பாடத்தின் பிற்பகுதிக்கும் இவ்வுண்மையே அடிப்படையாகும்.

அதே 1903-ஆம் ஆண்டு, சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரடு சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் ஒரு புது முயற்சியைத் தொடங்கினார். அதுவே குரோமியப் பதனீடு ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வளர்ந்த முறை அது. பட்டைக்கு மாறாகக் குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கரைத்து, சுழலும் மரப் பீப்பாயில் தோலோடு சேர்த்து உருட்டுவர். பட்டைக் குழியில் வாரக்கணக்கிற் செய்த வேலை பீப்பாயில் ஓரிரு நாளில் முடிந்தது. தோலும் மென்மையாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் வேண்டிய வண்ணம் ஏற்பதாகவும் அமைந்தது. எனினும் நெடுங்காலம் வரை நம் வட்டாரத்தில் பட்டை முறையே ஓங்கியிருந்தது. முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் காலணிக்காக இத்தோல் பெருமளவில் வேண்டப்பட்டது. தேவை பெருகவே ஆவாரம்பட்டை போதாதாயிற்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரத்தின் பட்டை கப்பலில் வந்து, ஆவாரத்தின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்துக்கும் தொழிலுக்கும் இருந்த பழைய உறவு இவ்வாறு தளரத் தொடங்கியது.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா, ஆராய்ச்சிக்கூடத்தின் அறிவைத் தொழிலாளியின் குழிக்குக் கொண்டு செல்லப் பாடுபட்ட அறிஞர். அரைகுறையாகப் பதனிட்ட தோலை மலிந்த விலைக்கு அயல்நாட்டாருக்கு விற்று, அவர்கள் அதனைக் காலணியாகச் செய்து பெறும் ஊதியத்தை நாம் ஏன் இழக்க வேண்டும் என்னும் கேள்வி அப்போது எழுந்தது. 1970-களில் அரசு அரைப்பதனீட்டுத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்வதை ஊக்கியது. அக்கொள்கையால் நன்மை விளைந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. வீட்டில் பீடி சுற்றிய பெண்களுக்கு மாதச் சம்பளம் தரும் வேலை கிடைத்தது. உள்ளூர் மாட்டுத்தோல் போதாமல் வட நாட்டுத் தோலும் இங்கு வந்தது.

ஆனால் நன்மையோடு தீமையும் வந்தது. முடித்த தோலுக்குக் குரோமியப் பதனீடு பெரிதும் வேண்டியிருந்தது. ஆலைகள் பெருகின, கழிவுநீரும் பெருகியது, அதனைத் தூய்மை செய்யும் ஏற்பாடு மட்டும் பெருகவில்லை. ஒரு கிலோகிராம் முடித்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது எனக் கணக்கிட்டுள்ளனர். பச்சைத் தோலில் இட்ட உப்பும், சுண்ணாம்பும், குரோமியமும், சாயமும் கலந்த அந்நீர் ஓடையிலும் வெட்டவெளியிலும் ஏரியிலும் விடப்பட்டது. ஆற்று மணலின் கீழே ஓடிய நன்னீரில் அது கலந்தது. கிணற்று நீர் உவர்த்தது. அந்நீரைப் பாய்ச்சிய வயலில் நெற்பயிர் கருகியது. தென்னை காய்ப்புக் குறைந்தது. தன் வீட்டுக் கிணறு இருக்க, குடிநீருக்காகப் பெண்கள் குடத்தோடு நெடுந்தொலைவு நடந்தனர். ஆலையில் வேலை செய்தவனும் அவ்வூர்க் குடியே. பகலில் கூலி தந்த தொழில் மாலையில் அவன் வீட்டுக் கிணற்றைக் கெடுத்தது.

இக்கொடுமையைப் போக்கவேண்டி, வேலூர் குடிமக்கள் நலமன்றம் என்னும் அமைப்பு 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. தோல் ஆலைகள் மிகுந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. நாட்டின் தோல் ஏற்றுமதியில் 80 விழுக்காடு தமிழ்நாட்டிலிருந்து செல்கிறது என்பதையும் நீதிமன்றம் கருத்திற் கொண்டது. அத்தொழிலால் அயல்நாட்டுச் செலாவணியும் வேலைவாய்ப்பும் கிடைக்கின்றன என்பதை அது ஒப்புக்கொண்டது. எனினும் சுற்றுச்சூழலை அழிக்கவும் மக்கள் உடல்நலத்தைக் கெடுக்கவும் எத்தொழிலுக்கும் உரிமையில்லை என்று உறுதிபடக் கூறியது.

அத்தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஆக்கியது. தீங்கு நேரக்கூடும் என்று தோன்றினால், அறிவியற் சான்று முற்றுப்பெறும் வரை காத்திராமல் முன்னரே தடுக்கவேண்டும் என்பது ஒன்று. மாசுபடுத்தியவனே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்பது மற்றொன்று. இழப்பீட்டை உழவருக்குத் தருவதோடு அவன் கடமை முடியாது. கெட்ட நிலத்தையும் நீரையும் திருத்தும் செலவையும் அவனே ஏற்கவேண்டும். மாசுபடுத்திய ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. தூய்மை நிலையம் அமைக்காத ஆலைகளை மூடவும் ஆணை பிறந்தது. பாலாற்றங்கரைச் சிற்றூர்களின் உவர்க்கிணறுகளிலிருந்து எழுந்த இவ்வழக்கு இன்று இந்தியாவெங்கும் சட்டம் பயில்வோர் படிக்கும் பாடமாக விளங்குகிறது.

தீர்ப்புக்குப் பின் பல மாற்றங்கள் வந்தன. சிறு ஆலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தூய்மை நிலையம் அமைக்க இயலாது. ஆதலால் பல ஆலைகள் ஒன்று சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. கழிவுநீர் குழாய் வழியே அங்குச் சென்று, சேறும் நஞ்சும் நீக்கப்பெறுகிறது. அதன்பின் நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தத்துடன் செலுத்தப்பெற்று உப்பு பிரிக்கப்படுகிறது. கிடைக்கும் நன்னீரை ஆலைகளே மீண்டும் பயன்படுத்துகின்றன. கழிவுநீர் ஒரு துளியும் வெளியே செல்லாதிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆயினும் பிரித்தெடுத்த உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. நீரிலிருந்து நீக்கிய அழுக்கு இவ்வுலகை விட்டு நீங்கிவிடுவதில்லை. 2015-ஆம் ஆண்டு சனவரி இறுதியில், பாலாற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர். தூய்மை செய்யும் பணியிலும் விழிப்பு வேண்டும் என்பதற்கு இத்துயர நிகழ்ச்சி சான்றாகும்.

இழப்பீட்டின் கதையும் நீண்டது. 2025-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. இழப்பீடு பெறாதோர்க்கு அரசு முதலில் அதனை வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியோரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும், பாலாற்றைச் சீர்செய்யும் பணியைக் கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு பணித்தது. முதல் வழக்குத் தொடுத்த 1991-ஆம் ஆண்டிற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டுகள் சென்றன. அன்று உங்களைப் போல் பள்ளியிற் பயின்ற சிறுவன் இன்று நரை தோன்றும் பருவத்தை அடைந்திருப்பான். நீரைக் கெடுப்பதற்குச் சில ஆண்டு போதும். அதனைத் திருத்துவதற்கு ஒரு தலைமுறையும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் தோல் தொழிலே வேண்டாவென்று விடுத்துவிடலாமா? அது நேர்மையான விடை ஆகாது. இறைச்சிக்காகவும் முதுமையாலும் இறக்கும் விலங்கின் தோலைப் பயன்படுத்தாது விட்டால் அதுவும் அழுகிக் கேடு செய்யும். இத்தொழிலை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. நிலமற்ற ஏழையின் மகள் காலணி ஆலையில் பெறும் சம்பளத்தால் தன் தம்பியைப் படிக்க வைக்கிறாள். அவ்வேலையை இழந்தால் அவள் செல்லுமிடம் எது? அதுபோலவே, தொழில் வேண்டும் என்பதற்காக உழவன் தன் கிணற்றை இழக்க வேண்டும் என்பதும் நேர்மையாகாது. ஒருவன் சோற்றுக்காக மற்றொருவன் தண்ணீரைப் பறிக்கும் முறை நெடுநாள் நில்லாது. இத்தாலி நாட்டில் ஆர்னோ ஆற்றின் கரையில் சாந்தா குரோச்சே என்னும் சிறு நகரம் உள்ளது. அதுவும் தோல் தொழிலால் வாழும் நகரமே. அங்கும் ஆலைகள் ஒன்றுகூடிப் பொதுத் தூய்மை நிலையம் நடத்துகின்றன. ஆகவே, தொழிலா தண்ணீரா என்று கேட்பது தவறு. இரண்டையும் காப்பதற்கு யார் எவ்வளவு செலவிட வேண்டும் என்று கேட்பதே முறையாகும்.

நாம் அணியும் செருப்பின் விலையில் தோலின் விலை உண்டு. தைத்த கையின் கூலி உண்டு. வணிகனின் ஊதியம் உண்டு. நீண்ட காலம் அவ்விலையில் நீரின் விலை மட்டும் சேராமல் இருந்தது. அதனை வாங்குவோரும் தரவில்லை, விற்போரும் தரவில்லை. பாலாற்றங்கரை உழவன் தன் வயலால் அதனைத் தந்தான். அச்சுமை அவன் தோளிலிருந்து இறங்கவேண்டும் என்பதே 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உட்பொருள்.

மாணவர்களே, வாணியம்பாடியின் வரலாறு ஓர் ஊரின் வரலாறு மட்டும் அன்று. மலை பட்டையும் கடுக்காயும் தந்தது. ஆறு நீர் தந்தது. இருப்புப் பாதை சந்தையைத் தந்தது. உழைப்பாளர் தம் உடலையே தந்தனர். பெற்றுக்கொண்ட தொழில் நெடுங்காலம் எதனையும் திருப்பித் தரவில்லை. இப்போது தரத் தொடங்கியுள்ளது. இன்னும் தரவேண்டியது மிகுதி. உங்களுட் சிலர் நாளை தொழில் நடத்துவீர்கள். சிலர் வேதியியல் கற்று ஆராய்ச்சி செய்வீர்கள். சிலர் வழக்கறிஞராகவும் அலுவலராகவும் விளங்குவீர்கள். உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ ஆறோ இருக்கும். அதன் கரையில் ஒரு தொழிலும் இருக்கும். அத்தொழில் எங்கிருந்து நீரை எடுக்கிறது, எடுத்த நீரை எந்நிலையில் எங்கே விடுகிறது என்று கேட்டு அறியுங்கள். அக்கேள்வியை உரிய காலத்திற் கேட்பார் இருந்திருந்தால், பாலாற்றங்கரைக் கிணறுகள் பல இன்றும் நன்னீர் தந்துகொண்டிருக்கும்.